துண்டு கிடந்த சீட்

ஒரு காட்டில் ஒரு கரடி நின்றுகொண்டிருந்தது. வேறு கதைகளில் வருகிற கரடிகள் தேன் தேடிப் போகும், மரம் ஏறும், ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கும். இந்தக் கரடி வெறுமனே நின்றது. ஜவுளிக்கடையில் வேலை என்றால் அப்படித்தான்.

கரடியின் பெயர் தங்கப்பழம். காட்டுக் கடைவீதியில் சிறுத்தை ஒன்று நடத்தி வந்த பெரிய ஜவுளிக்கடையில், துண்டுப் பிரிவில் அதற்கு வேலை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை துண்டுகளை உதறி விரித்துக் காட்ட வேண்டும். வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி வேற நிறத்துல இருக்கா?" என்பார்கள். இருக்கும். அதையும் விரித்துக் காட்டினால், "அப்புறமா வர்றோம்" என்று போவார்கள். மறுபடியும் மடித்து வைக்க வேண்டும். இவ்வளவும் நின்றபடி. விற்பனையாளர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லை என்பது முதலாளி சிறுத்தையின் கொள்கை. சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சிறுத்தை இந்தக் கொள்கையை விளக்கும்.

நின்று நின்று தங்கப்பழத்தின் கால் நரம்புகள் சுருண்டு, முடிச்சு முடிச்சாக ரோமத்துக்கு மேலே தெரிய ஆரம்பித்திருந்தன. ராத்திரி வீட்டுக்கு வந்தால் மகள் தேனருவி வெந்நீர் வைத்துக் கால் பிடித்துவிடும்.

"நான் டாக்டரானதும் மொதல் வேலை உங்க காலுதாம்பா."

"மொதல்ல சீட் கிடைக்கட்டும்மா."

இந்த இடத்தில் சீட் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் அந்தக் காட்டுக்கு வேட்டையாட வந்தார்கள். மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்தார்கள். திரும்பிப் போகும்போது துப்பாக்கிகளையும் புலித்தோல்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விலங்குகள் அதைப் பொறுக்கியெடுத்துத் தூசி தட்டி, கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டன. பேருந்தில் ஏறினால் தேடுவது சீட். சைக்கிளில் முதலில் கிழிவது சீட். கல்லூரியில் கிடைக்காதது சீட். அலுவலகத்தில் ஆள் இல்லாமல் இருப்பது சீட். தேர்தல் நேரத்தில் கட்சியிடம் கேட்பது சீட்; கூட்டணியில் கேட்டதில் பாதியாகக் கிடைப்பதும் சீட். இடம், இருக்கை, பதவி, தொகுதி என்று சொந்த மொழியில் தனித்தனிச் சொற்கள் இல்லாமல் இல்லை. அவற்றை மேடையில் பேசுவதற்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் ஒரே சொல்லைப் புழங்கியதால் காட்டில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை. எந்த சீட்டாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதானே! ஒருவர் உட்காருவார். மற்றவர்கள் நிற்பார்கள்.

தேனருவி நன்றாகப் படித்தது. கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டது. காட்டில் அதற்கு வெறும் மருத்துவம் என்றுதான் பெயர். அதன் மதிப்பெண்ணுக்கு முன்னால் இருந்த எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், ஒரே ஒரு சீட் மிச்சமிருக்கிறது, அன்று பொழுது சாய்வதற்குள் தலைமை அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று தகவல் வந்தது. தங்கப்பழம் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டது. தீபாவளிக்குக் கடையில் போனஸ் என்று கொடுத்த துண்டு. சாயப்பட்டறையில் ஏதோ தவறிப்போய், ஒரு பக்கம் மட்டும் கரை ஏறியிருந்தது. அந்தக் கரையும் கத்தரிக்காய் நிறத்துக்கும் நாவல்பழ நிறத்துக்கும் நடுவில் எங்கோ நின்றுபோயிருந்தது. யாரும் வாங்காத துண்டு என்பதால்தான் அது போனஸ் ஆனது.

மனைவி வடிவு வாசல்வரை வந்து சொன்னது: "ஏங்க, பஸ்ல சீட் கிடைச்சா ஒக்காந்து போங்க, கௌரவம் பாக்காதீங்க. ஆபீஸ்ல அந்த ஆமை அய்யா சீட்ல இருக்காரான்னு மொதல்ல விசாரிங்க. புள்ளைக்கு சீட் கிடைச்ச ஒடனே போன் பண்ணுங்க."

மூன்று சீட்டும் தங்கப்பழத்துக்குத் தெளிவாகப் புரிந்தது. எதுவும் கிடைக்கும் என்றுதான் நம்பிக்கை வரவில்லை.

பேருந்து வந்து நிற்பதற்குள்ளேயே ஜன்னல்கள் வழியாக ஏதேதோ பறந்து உள்ளே விழுந்தன. துண்டு, கைக்குட்டை, குடை, மஞ்சள் பை, யாரோ அவசரத்துக்கு வீசிய ஒரு கட்டு முருங்கைக்காய். தங்கப்பழம் வரிசையில் நின்று ஒழுங்காக ஏறியது. அதனால் நின்றுகொண்டே போக வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் இருந்த சீட்டில் ஒரு நீலக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. பக்கத்து சீட்டில் வெள்ளைவெளேர் என்று சட்டை போட்ட நரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டது தேனருவி.

"துண்டு இருக்கே பாப்பா."

"துண்டு இருக்கு. ஆளு?"

"வரும். துண்டு வந்துட்டா ஆள் வந்த மாதிரிதான்."

வண்டி கிளம்பியது. கடைவீதி தாண்டியது, ஓடைப் பாலம் தாண்டியது, மலைப்பாதையில் முக்கி முனகி ஏறியது. துண்டுக்குரியவர் வரவில்லை. கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கியது. நிறைசூலியான ஒரு மான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியது. அப்போதும் அந்த சீட் அப்படியே காலியாக, நீலக் கட்டத் துண்டோடு, காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

தேனருவிக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, வெறும் துணிதானே. உங்க காலு நடுங்குது, ஒக்காருங்க" என்று துண்டின் நுனியைத் தொட்டுத் தூக்கியது.

வண்டி முழுக்க ஒரே கூச்சல்.

"ஏய், ஏய்! அடுத்தவங்க துண்டுல கை வைக்குது பாரு!"

"வளர்ப்பு அப்படி!"

எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது நிறைசூலி மான்தான். கண்டக்டராக இருந்த மந்தி விசிலை ஊதி வண்டியை நிறுத்தியது. "இந்தா பாப்பா, டிக்கெட் எடுக்காம வந்தாக்கூட எறக்கித்தான் விடுவேன். துண்டை எடுத்தா வண்டியை நேரா ஸ்டேஷனுக்கு விட்ருவேன், ஆமா."

"தெரியாம செஞ்சிருச்சு. மன்னிச்சிருங்க" என்றது தங்கப்பழம். சொன்ன பிறகுதான், தான் அதைத் துண்டைப் பார்த்துச் சொல்லியிருப்பது அதற்கே தெரிந்தது. எதற்காக மன்னிப்புக் கேட்டோம் என்று அது யோசித்தது. வாழ்நாளில் அது ஒரு இடத்திலும் துண்டு போட்டதில்லை. நல்லவன் என்பதால் நிற்கிறோமா, அல்லது நின்று நின்று பழகிப்போனதைத்தான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமா? கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியது. யோசனையும் கூடவே வேறு பக்கம் சாய்ந்துவிட்டது.

நரி பேச்சுக் கொடுத்தது. "அண்ணாச்சி எதுவரைக்கும்?"

"தலைமை ஆபீஸ்வரைக்கும். மகளுக்கு மெடிக்கல் சீட்."

"நம்மளும் சீட் விஷயமாத்தான் போறோம். பேரு கோதண்டம். எலெக்‌ஷன் வருதில்ல? தொகுதி நமக்குத்தான்னாங்க. இப்போ கூட்டணிக்குத் தூக்கிக் குடுத்துட்டதாப் பேச்சு. இந்தத் தடவையாவது நின்னுரணும்."

"நிக்கிறதுக்கு எதுக்குங்க சீட்?"

"என்ன அண்ணாச்சி வெவரம் தெரியாம! சீட் கிடைச்சாத்தானே நிக்க முடியும்?"

"நான் சீட் கிடைக்காமத்தான் நிக்கிறேன்."

"அதெல்லாம் நிக்கிறதுல சேராது" என்றது நரி. பிறகு இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னது. "மார்க்கு வாங்கிட்டா மட்டும் போதாது அண்ணாச்சி. மொதல்ல துண்டு போடணும். நான் கோயில் கமிட்டியில ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். கூட்டுறவு சங்கத்துல ஒண்ணு. நீங்க சீட் கேக்கப் போறீங்களே அந்த மெடிக்கல் காலேஜ், அங்கயும் ஒரு கைக்குட்டை போட்டுத்தான் வச்சிருக்கேன்."

தங்கப்பழம் மகளைத் திரும்பிப் பார்த்தது. "அங்க யாருக்குங்க?"

"அதை இன்னும் முடிவு பண்ணல. இடத்தைப் பிடிச்சிரணும். ஆளை அப்புறம் தேடிக்கலாம்."

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நீலக் கட்டத் துண்டைக் கண்டக்டர் மந்தி பயபக்தியோடு உதறி, மறுபடியும் அதே சீட்டில் விரித்து வைத்தது. "திரும்பும்போது வருவாரா இருக்கும்."

தலைமை அலுவலகத்தில் ஒரு நீளமான கூடம். கல்லூரியில் எத்தனை சீட்டோ அத்தனை நாற்காலிகள் அங்கே வரிசையாகப் போட்டிருந்தன. இடம் கிடைத்த குட்டிகள் உட்கார்ந்திருந்தன. பெற்றோர்கள் முன்னால் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் மட்டும் ஒரு கைக்குட்டை.

கூடத்துச் சாவிக்கொத்தோடு நின்றது சங்கிலி என்ற கீரி. அந்த அலுவலகத்தின் பியூன்.

"அடுத்தது உங்க பொண்ணுதான். நான் இல்லேன்னு சொல்லல" என்றது சங்கிலி. "ஆனா சீட்ல கைக்குட்டை கெடக்கே. அதை எடுக்கணும்னா அய்யா சொல்லணும். பொழுது சாஞ்சா நான் கூடத்தைப் பூட்டிருவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"அய்யா எங்க?"

சங்கிலி ஓர் அறையைக் காட்டியது. பெரிய மேசை. அதற்குப் பின்னால் உயரமான நாற்காலி. நாற்காலியின் முதுகில் வெள்ளை டர்க்கி டவல்.

"அய்யா சீட்ல இல்ல."

"எப்போ வருவார்?"

"துண்டு இருக்குல்ல? அப்போ ஆபீஸ்லதான் இருக்கார்னு அர்த்தம். எதிர்த்தாப்புல டீ குடிக்கப் போயிருக்கார்."

"போயி எவ்வளவு நேரமாச்சு?"

சங்கிலி தலையைச் சொறிந்தது. "நான் வேலையில சேர வந்தன்னிக்கு அய்யா வாசப்படி எறங்கிட்டிருந்ததாச் சொன்னாங்க. நான் அவர் மொகத்தைப் பாத்ததில்ல. ஆமை இல்லையா, நிதானமாத்தான் போவார். ஆனா வேலை ஒண்ணும் நிக்கல."

தங்கப்பழம் மற்ற மேசைகளுக்குப் போய்ப் பார்த்தது. "இது என் சீட் வேலை இல்லீங்களே" என்றது கொக்கு. "அது அந்த சீட்" என்று கொக்கு காட்டிய சீட்டில் முயல் இருந்தது. "எந்த சீட்டா இருந்தாலும் அய்யா சீட்டுக்குப் போயிட்டுத்தான் இங்க வரணும்" என்றது முயல். இப்படியே சுற்றிவிட்டு அப்பாவும் மகளும் அறை வாசலிலேயே வந்து நின்றார்கள். பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் யாருடைய சாப்பாட்டுப் பையோ உட்கார்ந்திருந்தது.

வெயில் இறங்கும் நேரத்துக்குச் சலவைக் கழுதை வந்தது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற வழக்கமாம். யாரையும் கேட்காமல் அறைக்குள் போய், நாற்காலியிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி மூட்டையில் திணித்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது.

சங்கிலி அறையை எட்டிப் பார்த்து அலறியது. "அய்யா கெளம்பிட்டார்!"

அவ்வளவுதான். மின்விசிறிகள் நின்றன. கொக்கு தூக்குவாளியை எடுத்தது. முயல் செருப்பைத் தேடியது. "அய்யாவே இல்லாம நாம இருந்து என்னத்தைச் செய்ய?" என்று ஆளாளுக்கு வாசலைப் பார்த்து நடந்தார்கள். சங்கிலி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு கூடத்தைப் பூட்டக் கிளம்பியது.

தேனருவி அழவில்லை. கடைசி நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அழுதிருந்தால்கூடத் தங்கப்பழம் சமாதானம் சொல்லி ஊருக்குக் கூட்டிப் போயிருக்கும். அந்தப் பார்வைதான் அதைப் பிடித்துத் தள்ளியது. தோளில் கிடந்த துண்டை எடுத்தது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"தெரியலம்மா."

அறைக்குள் போனது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்காகச் செய்த வேலையை முதல்முறையாகத் தனக்காகச் செய்தது. ஒரு உதறு, ஒரு மடிப்பு, நுனி இரண்டும் சமமாக வரும்படி நாற்காலி முதுகில் ஒரு விரிப்பு. கரை வெளியே தெரிந்தது.

சங்கிலி திரும்பிப் பார்த்தது. சாவிக்கொத்து கையிலிருந்து நழுவியது. "அய்யா வந்துட்டார்! ஏய், அய்யா வந்துட்டார்!"

மின்விசிறிகள் சுற்றின. கொக்கு ஒற்றைக்காலை மடக்கி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. முயல் போட்ட செருப்பைக் கழற்றியது. கோப்புகள் மேசைமேல் வந்து விழுந்தன. சங்கிலி வாசலில் நின்று கரையைப் பார்த்தது. அதன் மீசை துடித்தது.

"இது என்ன கரை? எந்தக் கட்சியிலயும் பாத்ததில்லையே!"

"ஒரு பக்கம் மட்டும் இருக்கு" என்றது கொக்கு மெல்ல.

"பாதி இங்க, பாதி மேல இருக்கும்போல. அய்யா பெரிய எடத்துல சேந்துட்டார்" என்றது சங்கிலி. உடனே தங்கப்பழத்தின் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டது. "மொதல்ல இருந்து காத்திருக்கிறது நீங்கதான். உள்ள போயி அய்யாகிட்ட விஷயத்தைச் சொல்லுங்க."

தங்கப்பழம் நாற்காலியின் முன்னால் போய் நின்றது. சும்மா நின்றுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தது. ஆனால் சங்கிலி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதனால் பேச ஆரம்பித்தது. மகள் படித்ததைச் சொன்னது. விளக்கு இல்லாத நாட்களில் மின்மினிப் பூச்சிகளைக் கெஞ்சிக் கூப்பிட்டு வைத்துப் படித்ததைச் சொன்னது. தன் காலைச் சொன்னது. கடையில் சாயங்கால நேரத்தில் கால் மரத்துப்போய், தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நிற்பதைச் சொன்னது. வடிவிடம்கூடச் சொல்லாதது அது. துண்டு குறுக்கே பேசவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்று சொல்லவில்லை. இவ்வளவு பொறுமையான ஓர் அதிகாரியைத் தங்கப்பழம் பார்த்ததே இல்லை. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் சங்கிலி கேட்டது. "அய்யா என்ன சொன்னார்?"

பொய் சொல்லித் தங்கப்பழத்துக்குப் பழக்கமில்லை. "ஒண்ணும் சொல்லல."

"அப்போ சரிதான். வேண்டாம்னா சொல்லியிருப்பாரே!" சங்கிலி முத்திரையை எடுத்து மையில் அழுத்திக் காகிதத்தில் ஓங்கிக் குத்தியது.

அந்த நேரம் பார்த்து நரி கோதண்டம் உள்ளே வந்தது. கட்சி அலுவலகத்தில் சீட் இல்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். இருக்கிற கைக்குட்டையாவது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தது. வந்த இடத்தில் அறைக்குள் எட்டிப் பார்த்தது, கரையைக் கண்டது, வால் சுருண்டது.

"இது யாரோட ஆளு?"

"தெரியல" என்றது சங்கிலி.

யாருடைய ஆள் என்று தெரிந்தால் எங்கே பேசுவது என்று தெரியும். யாருடைய ஆள் என்றே தெரியாத அதிகாரியைவிடப் பயங்கரமானது காட்டில் எதுவுமில்லை. நரி வாசலிலேயே நின்று துண்டுக்கு ஒரு கும்பிடு போட்டது. கூடத்துக்கு ஓடி, தன் கைக்குட்டையைத் தானே எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டது. "இதுக்குப் போயி அய்யாவைச் சிரமப்படுத்தணுமா? யாரோ மறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க. பாப்பா, நீ ஒக்காரும்மா."

தேனருவி உட்கார்ந்தது. எடுத்த எடுப்பில் நுனியில் உட்கார்ந்தது. பிறகு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தது.

பொழுது சாயும் வேளையில் வாசற்படியில் சரக், சரக் என்று ஒரு சத்தம். ஓர் ஆமை ஏறி வந்தது. மூச்சில் இஞ்சி டீ வாசம். நேராக அறையைப் பார்த்து நடந்த அதைச் சங்கிலி மறித்தது.

"எங்க போறீங்க? அய்யா இருக்கார்."

"எந்த அய்யா?"

"சீட்ல இருக்கிற அய்யா."

"நான்தானப்பா அந்த அய்யா. டீ குடிக்கப் போயிருந்தேன்."

"டீ குடிக்கப் போன அய்யா வந்து ரொம்ப நேரமாச்சு. மூணு கட்டுக் கோப்பு முடிச்சிட்டார். நீங்க டீயை இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக் குடிச்சிருக்கணும்."

ஆமை குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தது. வயதான, சாதுவான முகம். நின்றுகொண்டிருந்தவர்களில் கரடிதான் கொஞ்சம் நம்பிக்கையாகத் தெரிந்தது போல. "அய்யா, நீங்களாவது சொல்லுங்க. உள்ள ஆள் இருக்காங்களா?"

கூடமே தங்கப்பழத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமை உள்ளே போகும். முத்திரை செல்லாது. நரியின் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை மறுபடியும் வெளியே வரும். தங்கப்பழம் மகளைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது.

"துண்டு இருக்குங்க" என்றது.

ஆமையின் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ சரி. துண்டு போட்டிருக்கும்போது நாம போயி எப்படி..." என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் படியிறங்கத் தொடங்கியது.

தேனருவி எழுந்து வந்து அப்பாவின் காதில் கிசுகிசுத்தது. "அப்பா, அவருதானே நிஜமான..."

"நான் பொய் சொல்லலையேம்மா."

தேனருவி அறைக்குள் நாற்காலியை எட்டிப் பார்த்தது. "இல்லப்பா. சொல்லல." கல்லூரி திறப்பதற்கு முன்பே அதன் முதல் பாடம் முடிந்திருந்தது.

திரும்பி வரும் பேருந்திலும் நீலக் கட்டத் துண்டு அதே சீட்டில் கிடந்தது. அதன் முன்னால் கம்பியைப் பிடித்தபடி தங்கப்பழம் நின்றது. அதன் காலடியில் ஆமை நின்றது. தேனருவி இந்தத் தடவை துண்டைத் தொடவில்லை.

"பொண்ணுக்கு சீட் கிடைச்சிருச்சுங்களா?" என்று ஆமை விசாரித்தது.

"கிடைச்சிருச்சுங்க."

"அந்தப் புது அய்யாதான் போட்டுக் குடுத்தாரா?"

"ஆமாங்க."

"நல்லவர்போல. நானா இருந்திருந்தா விதியைப் புரட்டிப் பாத்துட்டு அடுத்த வருஷம் வரச் சொல்லியிருப்பேன்" என்றது ஆமை. தங்கப்பழத்தின் மனசில் அறுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அத்தோடு அறுப்பதை நிறுத்திக்கொண்டது. நிறுத்திக்கொண்டதே என்றும் அதற்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நரி கோதண்டம் அந்தக் கரை போட்ட துண்டைத் தேடி ஜவுளிக்கடைக்கே வந்து, மிச்சமிருந்த போனஸ் துண்டுகள் எல்லாவற்றையும் வாங்கிப் போய் ஒரு கட்சி ஆரம்பித்தது. கட்சிக்கு என்ன கொள்கை என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் சேர்ந்தார்கள். நரி தனக்குத்தானே சீட் கொடுத்து நின்றது, ஜெயித்தது, சட்டசபையில் தன் சீட்டில் துண்டை விரித்துவிட்டு வெளியே வந்துவிட்டது. சிறுத்தை சாயப்பட்டறைக்கு ஆளனுப்பி, அதே தவறை மறுபடியும் செய்யச் சொன்னது. துண்டுப் பிரிவில் கூட்டம் தாங்கவில்லை. தங்கப்பழம் முன்னைவிட அதிக நேரம் நின்றது.

தேனருவி டாக்டரானது. முதல் நாள் வேலைக்குப் போனபோது தங்கப்பழமும் கூடவே போய், ஆஸ்பத்திரியில் மகளின் நாற்காலி முதுகில் கரை போட்ட புதுத் துண்டு ஒன்றைத் தன் கையாலேயே விரித்துவிட்டு வந்தது. ஊரே பாராட்டியது.

ஒரு நாள் கடையில் நின்றபடியே தங்கப்பழத்துக்குக் கால் முடிச்சு ஒன்று வெடித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. மகளின் அறை வாசலில் ஒரு கீரி நின்றது. சங்கிலியின் தம்பி.

"டாக்டரம்மா சீட்ல இல்ல. டீ குடிக்கப் போயிருக்காங்க."

"எப்போ வருவாங்க?"

"துண்டு இருக்கு பாருங்க. ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க."

"அது நான் விரிச்ச துண்டுதான். நான் அவங்க அப்பா."

"அய்யய்யோ, அதை மொதல்லயே சொல்ல வேண்டாமா?" கீரி பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டது. "லைன்ல நிக்காதீங்க. நேரா உள்ள போயிக் காலைக் காட்டுங்க."

தங்கப்பழம் உள்ளே போனது. நாற்காலியில் துண்டு அழகாக விரிந்திருந்தது. நுனிகள் சமமாக இருந்தன. நல்ல வேலைப்பாடு என்று அந்த வலியிலும் அதற்கு ஒரு திருப்தி. துணியை அவிழ்த்து, காலைத் தூக்கி, துண்டுக்கு நேராகக் காட்டியது. வெகுநேரம் காட்டியது. பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ கால்ல ஒண்ணும் இல்ல" என்றது கீரி சந்தோஷமாக. "ஏதாவது இருந்தா சொல்லியிருப்பாங்களே! கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போங்க."

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தது. நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் நிறையக் காலியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிடந்தது.

அது சுவரோரமாகப் போய் நின்றுகொண்டது.

நீதி: வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எப்போதும் இரண்டு துண்டுகள் எடுத்துச் செல்லவும். ஒன்று வியர்வை துடைக்க.